தண்ணீர் தெளிந்த பிறகு

வாசலில் அந்தப் போலீஸ்காரர் என் பாட்டிலை முகர்ந்து பார்த்தாரே, பார்த்தீர்கள்தானே அண்ணாச்சி? நீங்கள் எனக்குப் பின்னால்தான் நின்றீர்கள். கலெக்டரிடம் மனு கொடுக்க வருகிறவர்கள் மண்ணெண்ணெய் ஏதும் ஒளித்துக் கொண்டுவருகிறார்களா என்று சோதிக்கிறார்களாம். சரி, சோதிக்கட்டும். ஆனால் அவர் மூடியைத் திறந்து, முகத்தைச் சுளித்து, "என்னடே, செத்த கடலப் பிடிச்சு அடைச்சுக் கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அதைக் கவனித்துத்தான் இந்த பெஞ்சில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

ஒன்று கேட்கிறேன். அது கடல் தண்ணீர் என்று நான் சொல்லவே இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது?

நாற்றமா? இருக்கலாம். நாற்றமாகவும் இருக்கலாம்.

நீங்கள் பட்டா விஷயமாகவா வந்திருக்கிறீர்கள்? கடற்கரைப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லையே? இறால் பண்ணை வைத்திருக்கிற யாரையும் தெரியாதே? கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. இப்போதெல்லாம் யாரென்று தெரியாமல் நான் வாய் திறப்பதில்லை. என் டோக்கன் நூற்று நாற்பத்து மூன்று. உள்ளே இன்னும் நூற்று இருபதே வரவில்லை. நேரம் இருக்கிறது.

என் பெயர் ஜெனிஸ்டன். செம்மணல்துறை என்று ஒரு சின்ன ஊர். ஓடை கடலில் கலக்கிற இடம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். விலங்கியல். வேலை இன்னும் இல்லை, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இந்த ஆபீசிலிருந்து வேண்டியது ஒரே ஒரு காகிதம். ஓடைக்கு வடக்கே இருக்கிற இறால் பண்ணை விட்ட தண்ணீரால்தான் எங்கள் மட்டியில் விஷம் ஏறியது, அதைத் தின்றுதான் ஏழு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள் என்று முத்திரை போட்ட ஒரு காகிதம். மட்டி தெரியும்தானே? சேற்று மணலுக்குள் கிடக்கும், இரண்டு ஓடு, நடுவில் சதை. அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் என் அக்காவிடம் காட்ட வேண்டும். அக்கா என்னோடு பேசி இருபத்து மூன்று நாள் ஆகிறது.

அக்கா பெயர் பியாட்ரிஸ். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அப்பா கடலோடு போனபோது அவள் எட்டாம் வகுப்பு. அதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நண்டு கம்பெனியில் சதை உரிக்கப் போனாள். விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். "எல, நீ ஒழுங்காப் படி. வீட்டுல ஒரு ஆளாவது நனையாம பொழைக்கட்டும்" என்பாள். நான் கல்லூரிக்குப் போனது அவளால். அதை நான் மறைக்கவில்லை. எதையும் நான் மறைக்கிறவன் இல்லை. அதையும் மனுவில் எழுதலாமா என்று யோசித்தேன், சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. தேதி மனுவில் இருக்கிறது. காலை ஆறே முக்காலுக்கு, படிப்பதற்காக ஓடைக்கரைக்குப் போனேன். வீட்டில் சத்தம், அங்கேதான் உட்கார்ந்து படிப்பேன். பண்ணையின் கழிவுக்குழாய் அந்தப் பக்கம்தான் வந்து விழும். பார்த்தால், குழாய் விழும் இடத்திலிருந்து தண்ணீர் செங்கல்லைக் கரைத்துவிட்டது போலக் கிடக்கிறது. மடவை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நண்டுகள் தண்ணீரை விட்டு ஏறி அலையாத்தி வேர்களில் வரிசையாகத் தொங்குகின்றன. நண்டு தானாகத் தண்ணீரை விட்டு ஏறி நிற்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மூச்சு முட்டினால்தான் ஏறும்.

பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் வருடத்தில் அது ஒரு பாடம். கண்ணுக்குத் தெரியாத பாசி. மழை பெய்து ஓய்ந்து, வெயில் அடித்து, கடல் அசையாமல் கிடந்து, உரச்சத்தும் சேர்ந்தால் கோடிக்கணக்கில் பெருகிவிடும். அதில் சில வகை விஷம். மட்டி ஓயாமல் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டுகிற பிராணி அல்லவா, அந்த விஷம் முழுக்க அதன் சதையில் போய்ச் சேரும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது. மணம் மாறாது, ருசி மாறாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் தெளிந்த பிறகும் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில், சதைக்குள்ளேயே இருக்கும். இந்தப் பத்தியை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஏழு மார்க் கேள்வி அது. எனக்கு ஆறரை போட்டார்கள்.

கையில் இருந்த குடிதண்ணீரைக் கொட்டிவிட்டு அந்த பாட்டிலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்தேன். மேலே காகிதம் ஒட்டித் தேதி, நேரம் எழுதினேன். வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு என் நிலைமை தெரியாது. எங்கள் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர் கஸ்பார், அதே பண்ணையில் தீனி போடுகிற வேலை பார்க்கிறார். அக்காவிடம் சொன்னால் அத்தான் காதுக்குப் போகும். அத்தான் முதலாளியிடம் சொல்வார். முதலாளி மறுநாளே குழாயை அடைத்துக் கழுவித் துடைத்துவிடுவார். பிறகு சாட்சி எங்கே? அம்மாவிடம் சொன்னால் அடுத்த வீட்டு இஞ்ஞாசியம்மாளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் கோயில் மைக்கில் சொன்ன மாதிரி. கடலுக்குப் போய் வருகிற வள்ளக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "வெளிக்கடல்லயும் சிவப்பாத்தாம்டே கெடக்கு, மூணு மைலுக்கு அப்பாலயும் அப்படித்தான்" என்றார்கள். பண்ணைத் தண்ணீர் அவ்வளவு தூரம் எப்படிப் போகும்? பண்ணைக்காரர் போன வருடத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர். அவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

இன்னொன்றும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் செல்போனில் வந்த ஒரு செய்தியை நம்பி, புயல் வருகிறது, யாரும் போகாதீர்கள் என்று கரை முழுக்க ஓடிச் சொன்னேன். யாரும் போகவில்லை. அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. அதிலிருந்து என்னை 'வானிலை வாத்தியார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் அம்மாவுக்கு அதனால் எவ்வளவு தலைகுனிவு தெரியுமா? அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனிமேல் உறுதியாகத் தெரியாமல் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று. அது தப்பா?

எங்கள் ஊர்ப் பெண்களும் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. தண்ணீர் நிறம் மாறினால் மட்டி எடுக்க இறங்க மாட்டார்கள். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. நிறம் போய்விட்டது என்று தோன்றினால், மட்டி எடுக்கிறவர்களில் மூத்தவள் ஒரு வெள்ளைத் துணியை ஓடையில் முக்கிப் பிழிந்து முள்வேலியில் காயப் போடுவாள். காய்ந்த துணியில் கறை இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாக இருந்தால் இறங்கலாம். இப்போது மூத்தவள் என் அம்மா, சலேத்மேரி. வியாழக்கிழமை சாயங்காலமே தண்ணீர் தெளிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அம்மா துணி முக்கினாள். இருபது பெண்கள் வாளியோடு சுற்றி நிற்கிறார்கள். துணி பளீரென்று காய்ந்தது.

நான் பக்கத்தில்தான் நின்றேன். துணி தண்ணீரைத்தானே காட்டும், மட்டிக்குள் இருப்பதை எப்படிக் காட்டும் என்று மனதுக்குள் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா என் பக்கம் திரும்பினாள். "எய்யா, நீ படிச்சவன்லா. ஒரு வார்த்தை சொல்லு, எறங்கலாமா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உள்ளதைத்தான் சொன்னேன். "டெஸ்ட் பண்ணிப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

இஞ்ஞாசியம்மாள் சிரித்துவிட்டாள். "மூணு வருசம் படிச்சு வாத்தியாரு கண்டுபிடிச்சது இதானா? இத நாங்க படிக்காமலே சொல்லுவமே!" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கியவள் அவள்தான். இறங்காதே என்றும் நான் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. அதில் ஒரு பொய் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

மண் கக்குவதற்கு மட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்துத்தான் எல்லார் வீட்டிலும் சமைப்பார்கள். சனிக்கிழமை மத்தியானம். மட்டி என்றால் அக்காவுக்கு உயிர். அம்மா சொல்லி அனுப்பியதும் வந்துவிட்டாள். அத்தான் பண்ணையில் வேலையாக இருந்தார். தேங்காய் அரைத்து ஊற்றி, மிளகு தட்டிப் போட்டு, அம்மா வைக்கிற மட்டிக் கறி தெரு முழுக்க மணக்கும். எனக்கு அன்றைக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை. மோர் ஊற்றிக்கொண்டேன். அக்கா விடவில்லை. "தொரைக்கு மட்டி எறங்காதோ? பட்டம் வாங்குனதும் நாக்கையும் மாத்திட்டாவளா?" என்று சொல்லி ஒன்றை எடுத்து ஊட்ட வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "போ எல, எனக்கு ஒண்ணு கூடுதல்" என்று அதையும் தானே தின்றாள்.

ஒன்று பத்துக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒன்று நாற்பத்தைந்துக்கு அக்கா உதட்டைத் தேய்த்தாள். "சுண்ணாம்பு கூடுன மாதிரி இருக்கு" என்றாள். ஒன்று ஐம்பத்தைந்துக்கு விரல் நுனி மரத்தது. இரண்டு பத்துக்கு எழுந்தவள் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். "எல, எனக்கு வாய்க்குள்ள நாக்கு இருக்கானே தெரியலல" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எல்லாம் நிமிடத்தோடு நோட்டில் இருக்கிறது, மனுவில் இரண்டாம் பக்கம். நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்கிறீர்களா? சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்கு அவ்வளவாக இல்லை. எல்லாருக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் உட்காருகிறவள், நாலைந்துதான் தின்றிருப்பாள். உதடு மட்டும் மரத்தது. இஞ்ஞாசியம்மாள் வீட்டில் மூன்று பேர், கீழத்தெருவில் இரண்டு பேர். அக்காதான் மோசம். மீன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். அத்தான் எங்கிருந்தோ ஓடி வந்து வழியில் ஏறிக்கொண்டார். பண்ணைச் சேற்றுக் காலோடு, அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பியா, என்னப் பாரு, கண்ண மூடாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்போதும் நான் அவரைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதாவது தெரிந்தவர் மாதிரி இருக்கிறாரா என்று.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாம்புக் கடியா என்றார். நான்தான் முன்னால் போய்ச் சொன்னேன். "இது மட்டி விஷம் டாக்டர். பாசியிலிருந்து வருவது. மாற்று மருந்து கிடையாது. மூச்சு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். செவ்வாய்க்கிழமை ஓடை சிவந்து கிடந்தது, நான் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்" என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க தம்பி?" என்று கேட்டார். உடனே மூச்சுக் கருவி வைத்தார்கள். அக்கா பிழைத்தது என்னால்தான் என்று அந்த டாக்டரே சொன்னார், அம்மாவும் அத்தானும் பக்கத்தில் நிற்கும்போதே.

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் நாள் வராந்தாவில் அத்தான் என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "மாப்ள, செவ்வாக்கெழமையே என்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" என்றார்.

"சொன்னா நீங்க மொதலாளிட்ட சொல்லிருப்பீங்க அத்தான்" என்றேன். நேராகவே சொன்னேன்.

"சொல்லிருப்பேன்தான்" என்றார். "ஒங்க அக்காட்டயும் சொல்லிருப்பேம்லா."

பார்த்தீர்களா, முதலாளியிடம் சொல்லியிருப்பேன் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. மனுவில் மூன்றாம் பக்கத்தில் அதையும் எழுதியிருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்துக்கு மறுவாரம் போனேன். அங்கே ஒரு மேடம். ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸில் வைத்து அனுப்பியிருந்த மட்டியைச் சோதித்து, விஷம் இருக்கிறது என்றார். என் பாட்டிலைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஐஸ்ல வெக்காம, மருந்தும் போடாம, இத்தனை நாள் கழிச்சுக் கொண்டு வந்தா இதுல என்னங்க மிஞ்சும்? அன்னைக்கே கொண்டு வந்திருந்தா ஊருக்கே எச்சரிக்கை குடுத்திருக்கலாமே" என்றார். பண்ணைதான் காரணமா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதாம். கடலோரம் முழுக்கவே அந்த வாரம் அப்படித்தான் இருந்ததாம். இந்தப் பருவத்தில் தானாகவே வருவதுண்டாம். வள்ளக்காரர்கள் சொன்னதையே, வார்த்தை மாறாமல், படித்த ஒரு அம்மா சொல்கிறார். யார் போன் பண்ணியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அதனால்தான் கலெக்டரிடமே வந்தேன்.

அக்கா கோபத்துக்கு என்ன காரணம் என்றா? கோபம் என்று சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் நானும் அவளும் மட்டும். அம்மா முன்னாலேயே போய்விட்டாள். ஆட்டோ கடைத்தெருவைத் தாண்டியது. அக்கா கேட்டாள். "எல, நீ ஏன் அன்னைக்கு மட்டி திங்கல?"

அக்காவிடம் நான் பொய் சொன்னதே கிடையாது, அண்ணாச்சி. சின்ன வயதிலிருந்து கிடையாது. "சந்தேகமா இருந்துச்சுக்கா" என்றேன்.

"எது மேல?"

"மட்டி மேலதான்."

"அம்மா அத்தன பேரு முன்னால ஒன்ட்ட கேட்டாள்லா."

"உறுதியாத் தெரியாம எப்படிக்கா சொல்ல முடியும்?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "உறுதியாத் தெரியாமத்தானல நீயும் திங்காம இருந்த" என்றாள். அவ்வளவுதான். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு இல்லையா? சாப்பிடாமல் இருப்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை, சந்தேகம் போதும். ஊரைக் கூட்டிச் சொல்வதற்கு அது போதாது. நூறு குடும்பம் சம்பந்தப்பட்டது. தப்பாகப் போனால் யார் பொறுப்பு? இதைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி அக்கா தலைமாட்டில் வைத்தேன். படித்தாளா தெரியவில்லை. மறுநாள் அதில் கண்ணாடி டம்ளர் வைத்த ஈர வட்டம் இருந்தது.

ஊரில் இப்போது என்னைப் பற்றித்தான் பேச்சு. விஷம் விட்டவனை விட்டுவிட்டார்கள். குழாயடியில் நான் போனால் இஞ்ஞாசியம்மாள் குடத்தைத் தூக்கிக் காட்டி, "வாத்தியாரே, இந்தத் தண்ணியக் குடிக்கலாமா? நீரு குடிச்சுக் காட்டும், நாங்க பெறகு குடிக்கோம்" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். படித்தவன்மேல் பொறாமை. வேறென்ன? அத்தான் இப்போது பண்ணை வேலையை விட்டுவிட்டார், வள்ளத்துக்குப் போகிறார். ஏன் விட்டார்? குற்றமில்லாதவர் ஏன் விட வேண்டும்? அதையும் எழுதியிருக்கிறேன்.

நூற்று நாற்பத்தொன்றா கூப்பிட்டார்கள்? இல்லை, நாற்பத்திரண்டு. அடுத்தது நான்தான். பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளலாமா, பைக்குள் இருக்கட்டுமா?

என்ன கேட்டீர்கள்? வீட்டில் எப்படியா? அதெல்லாம் ஒன்றும் குறையில்லை, அண்ணாச்சி. அக்கா உடம்பு தேறும்வரை அத்தானோடு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். வாய்தான் பேசவில்லையே தவிர, பாசம் போகவில்லை. முன்பெல்லாம் அம்மா சட்டியை இறக்கியதும் எல்லாரும் ஒன்றாக உட்காருவோம். இப்போது அப்படி இல்லை. எது வைத்தாலும் அக்கா எனக்குத்தான் முதல் தட்டு போடுகிறாள். மீனோ, கீரையோ, வெறும் கஞ்சியோ, எனக்குத்தான் முதலில். நான் பிசைந்து ஒரு வாய் விழுங்குகிறவரைக்கும் அம்மா, அத்தான், அக்கா மூன்று பேரும் தட்டில் கை வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்து, கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அக்கா தனக்குப் போட்டுக்கொள்வாள். இவ்வளவு மரியாதை அந்த வீட்டில் அப்பாவுக்குக்கூட நடந்ததில்லை. கோபம் இருக்கிறவள் இப்படிச் செய்வாளா, சொல்லுங்கள்?